வெஸ்ட் பாயின்ட் சேர்க்கையில் வீட்டு முகவரியின் பங்கு

வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் சேர விரும்பும் மாணவர் நல்ல மதிப்பெண் வைத்திருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். உடற்தகுதித் தேர்வும் உண்டு. முழங்காலிட்டபடி கூடைப்பந்தை எறிவதில் தொடங்கி ஒரு மைல் ஓட்டத்தில் முடியும் தேர்வு அது. இவை அனைத்திலும் முதல் ஆளாக வந்தாலும் ஒன்று இல்லாவிட்டால் சேர்க்கை கிடையாது. அதுதான் நாமினேஷன், அதாவது பரிந்துரை. இந்தப் பரிந்துரையைப் பெரும்பாலும் தருபவர்கள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள். அவர்கள் தங்கள் மாநிலத்தில் அல்லது தொகுதியில் வசிப்பவர்களை மட்டுமே பரிந்துரைக்க முடியும். மாணவரின் வீடு எங்கே இருக்கிறது என்ற கேள்வி அங்கேதான் நுழைகிறது.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் ராணுவ அதிகாரியாக ஆசைப்படுவது இப்போது அரிதல்ல. ஆனால் பெற்றோர் பலருக்கு இந்த முறை புதிது. எந்த மாநிலத்தில் இருந்தால் சுலபம், நாம் இருக்கும் இடத்தில் வாய்ப்பே இல்லையாமே என்றெல்லாம் காதில் விழுவதை வைத்து முடிவெடுக்கிறார்கள். நல்ல பிள்ளைகள் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். முகவரிக்கு உண்மையில் எவ்வளவு பலம் இருக்கிறது, அந்தப் பலம் எங்கே தீர்ந்துபோகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்த்துவிடலாம்.

எந்த அகாடமிகள்?

மத்திய அரசு நடத்தும் அகாடமிகள் ஐந்து. நியூயார்க் மாநிலத்தில் வெஸ்ட் பாயின்ட், தரைப்படைக்கானது, 1802இல் தொடங்கியது. மேரிலாந்தின் அனாபொலிஸில் கடற்படை அகாடமி, 1845. கொலராடோ ஸ்பிரிங்ஸில் விமானப்படை அகாடமி, 1954. இந்த மூன்றுக்கும் பரிந்துரை விதிகள் ஏறக்குறைய ஒரே அச்சு. நியூயார்க்கின் கிங்ஸ் பாயின்டில் உள்ள வணிகக் கப்பல் அகாடமிக்கும் பரிந்துரை வேண்டும், ஆனால் கணக்கு வேறு. கனெக்டிகட்டின் நியூ லண்டனில் உள்ள கடலோரக் காவல் அகாடமிக்குப் பரிந்துரையே தேவையில்லை. நாடு முழுவதும் ஒரே போட்டி, முகவரிக்கு அங்கே வேலை இல்லை. பரிந்துரை ஓட்டத்தில் இறங்க மனமில்லாத பிள்ளைகள் அதையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் படிப்புச் செலவு அரசுடையது. பதிலுக்குப் பட்டம் பெற்ற பின் ராணுவச் சேவைக் கடமை உண்டு. முதல் மூன்று அகாடமிகளிலும் அது குறைந்தது ஐந்து ஆண்டு முழுநேரப் பணி.

ஐந்து என்ற எண்

முழு முறையும் நிற்பது ஐந்து என்ற எண்ணின் மேல். செனட்டர் ஒவ்வொருவருக்கும், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு அகாடமியிலும் ஒரே நேரத்தில் ஐந்து பேர் வரை தன் கணக்கில் இருக்கலாம் என்கிறது சட்டம். விண்ணப்பிப்பவர்கள் வட்டாரத்தில் இதை ‘சார்ஜ்’ ஆவது என்பார்கள். இன்ன மாணவர் இன்ன செனட்டர் கணக்கில் சார்ஜ் ஆகியிருக்கிறார் என்றால், அந்த மாணவர் பட்டம் பெறும் வரை அல்லது விலகும் வரை ஐந்தில் ஓர் இடம் நிரம்பியிருக்கிறது என்று பொருள்.

ஓர் உறுப்பினரின் கணக்கைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். அவர் பெயரில் இப்போது நான்காம் ஆண்டில் இரண்டு பேர், மற்ற மூன்று ஆண்டுகளிலும் ஒவ்வொருவர் படிக்கிறார்கள். வசந்தம் முடிந்து அந்த இரண்டு பேர் பட்டம் வாங்கிப் போனதும் அவருக்கு இரண்டு காலியிடம். அதை நிரப்பிவிட்டால் அடுத்த ஆண்டு வெளியேறுவது ஒருவர் மட்டும், ஆக ஒரு காலியிடம். அதற்கடுத்த ஆண்டும் ஒன்று, அதற்கும் அடுத்த ஆண்டும் ஒன்று. மறுபடி இரண்டு. யாரும் இடையில் விலகாவிட்டால் இப்படியேதான் சுற்றும். உங்கள் பிள்ளை பள்ளி முடிக்கும் ஆண்டு இரண்டு காலியிட ஆண்டா, ஒன்றா என்பது யாருடைய திறமையையும் சார்ந்ததல்ல. ஒரே வீட்டில் வளரும் அண்ணனுக்கும் தங்கைக்கும்கூட இது மாறிப்போகும்.

இந்தக் காலியிட விஷயம் மிகப் பழையது. பின்னாளில் அமெரிக்க அதிபரான யுலிசஸ் கிராண்ட் 1839இல் வெஸ்ட் பாயின்ட் போனதே இப்படித்தான். ஒஹாயோவின் ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூரில் அவர்கள் குடும்பம் இருந்தது. அதே ஊர்ப் பையன் ஒருவன் அகாடமியில் படிப்பைத் தொடர முடியாமல் திரும்பிவிட, தொகுதிக்கான இடம் காலியானது. கிராண்டின் தந்தைக்கும் தொகுதி உறுப்பினரான தாமஸ் ஹேமருக்கும் அரசியல் சண்டையில் பேச்சுவார்த்தை இல்லை. இருந்தும் தந்தை கடிதம் எழுதினார், ஹேமரும் பரிந்துரைத்தார். அவசரத்தில் ஹைரம் யுலிசஸ் கிராண்ட் என்ற பெயரை யுலிசஸ் எஸ். கிராண்ட் என்று எழுதி அனுப்பிவிட்டார், அந்தப் பெயரே நிலைத்தது. தொகுதிக்கு ஒருவர் என்ற வழக்கத்தை 1843இல் சட்டமாகவே எழுதினார்கள். ராணுவ அதிகாரிகள் ஏதோ ஒரு மூலையிலிருந்தோ சில குடும்பங்களிலிருந்தோ மட்டும் வரக்கூடாது, நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வர வேண்டும் என்பது இதன் பின்னாலிருந்த எண்ணம். எனக்கு அந்த எண்ணத்தின் மேல் இன்றும் மரியாதை உண்டு. முகவரி பார்ப்பதை அநியாயம் என்று மட்டும் சொல்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒரு பெயர்ப் பட்டியலின் கதை

காலியிடம் ஒன்றுக்கு உறுப்பினர் ஒரு பெயர்ப் பட்டியல் அனுப்பலாம். இதை ‘ஸ்லேட்’ என்பார்கள். முன்பு ஒரு காலியிடத்துக்குப் பத்துப் பெயர் வரை அனுமதி, இப்போது பதினைந்து. அதனால் பரிந்துரை கிடைத்தாலே சேர்க்கை கிடைத்துவிட்டது என்று கொண்டாட முடியாது. பதினைந்து பேரில் ஒருவர்தான் அந்தக் காலியிடத்தை வெல்கிறார்.

வெல்பவரை யார் தேர்வு செய்வது? இங்கேயும் தொகுதிக்குத் தொகுதி வேறுபாடு உண்டு. பெரும்பாலான உறுப்பினர்கள் பட்டியலை வரிசைப்படுத்தாமல் அனுப்பிவிடுவார்கள். அகாடமி தன் மதிப்பீட்டை வைத்து முதல் ஆளை எடுத்துக்கொள்ளும். வெஸ்ட் பாயின்ட் மதிப்பீட்டில் படிப்புக்குச் சுமார் 60 சதவீதம், தலைமைத்துவத்துக்கு 30, உடற்தகுதிக்கு 10. சில உறுப்பினர்கள் வேறு மாதிரி. ‘இவர்தான் என் முதல் தேர்வு’ என்று ஒருவரைக் குறித்து, மற்றவர்களை மாற்றாக வைப்பார்கள். அந்த முதல் தேர்வு மாணவர் படிப்பு, மருத்துவம், உடற்தகுதி மூன்றிலும் தகுதி பெற்றுவிட்டால் அவருக்கே இடம். பட்டியலில் இரண்டாவதாக இருப்பவர் மதிப்பெண்ணில் எவ்வளவு மேலே இருந்தாலும் அந்தக் காலியிடம் அவருக்கு வராது. உங்கள் தொகுதி உறுப்பினர் எந்த முறையில் அனுப்புகிறார் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. முதல் தேர்வு முறை என்றால் உள்ளூர் நேர்காணலின் எடை பல மடங்கு கூடுகிறது.

அந்த நேர்காணலை நடத்துவது பெரும்பாலும் உறுப்பினர் அமைக்கும் உள்ளூர்க் குழு. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள், ஆசிரியர்கள், ஊரில் பொறுப்பில் இருப்பவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். மேஜையில் மாணவரின் கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள், மதிப்பெண் பட்டியல். ஏன் ராணுவம், ஏன் இந்த அகாடமி, கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாத பிள்ளைகள் அதிகம். ராணுவமே வேண்டும் என்பவருக்குக் கல்லூரியில் படித்துக்கொண்டே அதிகாரிப் பயிற்சி பெறும் ஆர்.ஓ.டி.சி. வழியும் தெரிந்திருக்கும் என்று குழு எதிர்பார்க்கிறது.

மாநிலக் கணக்கு

ஒரு மாணவருக்குக் காங்கிரஸ் வழியில் மூன்று வாசல்கள். இரண்டு செனட்டர்கள், ஒரு தொகுதி உறுப்பினர். எந்த மாநிலத்தில் இருந்தாலும் மூன்றுதான், கூடாது, குறையாது. வித்தியாசம் அந்த வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவில் சுமார் 3 கோடியே 95 லட்சம் பேர், வயோமிங்கில் சுமார் 5 லட்சத்து 77 ஆயிரம் பேர். கலிபோர்னியாவுக்கு 52 தொகுதிகளும் 2 செனட்டர்களும். 54ஐ ஐந்தால் பெருக்கினால், ஓர் அகாடமியில் ஒரே நேரத்தில் 270 இடங்கள். வயோமிங்குக்கு ஒரே தொகுதி, 2 செனட்டர்கள், ஆக 15 இடங்கள். பத்து லட்சம் மக்களுக்கு என்று வகுத்தால் கலிபோர்னியாவுக்கு ஏழுகூட வரவில்லை, வயோமிங்குக்கு 26.

இந்த இடைவெளி தொகுதிகளால் வருவதல்ல, செனட்டால் வருவது. தொகுதிகள் நாடு முழுவதும் சராசரியாக 7 லட்சத்து 60 ஆயிரம் பேர் என்ற அளவில் இருக்கின்றன, கலிபோர்னியாத் தொகுதியும் அந்தச் சராசரிக்கு அருகில்தான். ஆனால் செனட்டர்கள் எண்ணிக்கை மாநிலத்தின் அளவைப் பார்ப்பதில்லை. கலிபோர்னியா செனட்டர் ஒருவரின் ஐந்து இடங்களுக்குக் குறிவைக்கும் மக்கள்தொகை, வயோமிங் செனட்டரின் ஐந்து இடங்களுக்கு உள்ளதைவிடக் கிட்டத்தட்ட 68 மடங்கு. ஆகவே பெரிய மாநிலத்துப் பிள்ளைக்குத் தொகுதி உறுப்பினரின் பரிந்துரையே பெரிய நம்பிக்கை. செனட்டர் பரிந்துரைக்கும் விண்ணப்பிக்கத்தான் வேண்டும், ஆனால் அந்த வரிசை நீளமானது. சிறிய மாநிலத்துப் பிள்ளைக்கோ மூன்று வாசலும் ஏறக்குறைய ஒரே அகலம்.

எல்லைக்கோட்டில் விழும் மாநிலங்களில் இது இன்னும் விசித்திரமாக இருக்கும். டெலவேரில் சுமார் 9 லட்சத்து 90 ஆயிரம் பேர், மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. மொன்டானாவில் சுமார் 10 லட்சத்து 84 ஆயிரம் பேர். 2020 கணக்கெடுப்புக்குப் பின் அதற்கு இரண்டாவது தொகுதி கிடைத்தது. மக்கள்தொகையில் சிறிய வித்தியாசம்தான், ஆனால் மொன்டானாவின் இரண்டு தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் டெலவேர் தொகுதியில் இருப்பதில் பாதியைச் சற்றுத் தாண்டிய மக்களே இருக்கிறார்கள். அங்குள்ள மாணவருக்குத் தொகுதிப் போட்டி அந்த அளவுக்குக் குறைகிறது.

ஆனால் மக்கள்தொகை போட்டி அல்ல

மேலே உள்ள கணக்கைப் பார்த்துவிட்டு ‘வயோமிங்குக்குக் குடிபோகலாமா’ என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு சரி, ஆனால் அது பாதிக் கதை. ஒரு மாணவர் போட்டி போடுவது தன் தொகுதியின் ஏழரை லட்சம் பேருடன் அல்ல. அந்த ஆண்டு, அந்த அகாடமிக்கு, அந்த உறுப்பினரிடம் விண்ணப்பித்த சிலரோடு. அந்தச் சிலர் எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

வாஷிங்டனை ஒட்டிய வடக்கு வர்ஜீனியாவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் அங்கே இருக்கிறது. ராணுவ அதிகாரிகளின் குடும்பங்கள் தெருவுக்குத் தெரு. தரமான பள்ளிகள். வீட்டிலேயே அகாடமி பற்றித் தெரிந்த அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்கள். அந்தத் தொகுதிகளில் போட்டி கடுமை என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அனாபொலிஸைச் சுற்றிய மேரிலாந்து, சான் டியேகோ, கொலராடோ ஸ்பிரிங்ஸ் போன்ற ராணுவ ஊர்களுக்கும் இதே இயல்பு. மறுபக்கம், சில பெருநகரத் தொகுதிகளிலும் தொலைதூரக் கிராமப்புறத் தொகுதிகளிலும் பதினைந்து பெயர் நிரப்பவே விண்ணப்பங்கள் போதாமல் போவதுண்டு. அகாடமிகள் அப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் போய் மாணவர்களை அழைக்கின்றன. பெரிய மாநிலமா சிறிய மாநிலமா என்பதைவிட, உங்கள் தொகுதியில் எத்தனை பேருக்கு இந்த ஆசை இருக்கிறது என்பது முக்கியம்.

நம்மவர்கள் அதிகம் வாழும் புறநகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே மதிப்பெண்ணில் கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறைய என்பதால் அகாடமிப் போட்டியும் கடுமையாகத்தான் இருக்கும் என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தக் கெட்டிக்காரப் பிள்ளைகளில் எத்தனை பேர் ராணுவத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள்? அதைக் கேட்காமல் பள்ளியின் பெயரை வைத்துப் போட்டியை அளக்க முடியாது.

முதல் சுற்றில் தோற்றவருக்கு

முகவரியின் பலம் தீர்ந்துபோகும் இடம் இதுதான், பலர் அறியாத இடமும் இதுதான். பட்டியலில் இருக்கும் பதினைந்து பேரில் ஒருவர் உறுப்பினரின் காலியிடத்தை வெல்கிறார். மீதிப் பேர் குப்பைக் கூடைக்குப் போவதில்லை. அவர்களில் தகுதி பெற்றவர்கள் தேசிய அளவிலான காத்திருப்புப் பட்டியலில் சேர்கிறார்கள். அங்கே மாநிலமும் தொகுதியும் பின்னால் போய், மதிப்பீடு முன்னால் வருகிறது. அந்தப் பட்டியலிலிருந்து சேர்க்கப்படுபவர் எந்த உறுப்பினரின் ஐந்து இடங்களையும் எடுத்துக்கொள்வதில்லை.

இது எவ்வளவு பெரிய வழி? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். செனட்டர்கள் 100, தொகுதி உறுப்பினர்கள் 435, மொத்தம் 535. ஒவ்வொருவருக்கும் ஐந்து என்றால் 2,675. வெஸ்ட் பாயின்டில் நான்கு ஆண்டு மாணவர்களும் சேர்ந்து சுமார் 4,400 பேர். எல்லா உறுப்பினர்களும் தங்கள் ஐந்து இடங்களையும் முழுவதும் நிரப்பினாலும் அது ஐந்தில் மூன்று பங்குதான். மீதி இடங்கள் தேசியப் பட்டியல், ராணுவக் குடும்ப ஒதுக்கீடு, ஏற்கெனவே படையில் இருக்கும் வீரர்கள் போன்ற வழிகளில் நிரம்புகின்றன. தகுதியானவர் கிடைக்காத தொகுதிகளின் காலியிடங்களும் வகுப்பை நிரப்பும்போது இப்படித்தான் ஈடாகின்றன.

அதனால் வடக்கு வர்ஜீனியாவில் தன் தொகுதிப் பட்டியலில் மூன்றாவதாக வரும் மாணவி, நாடு தழுவிய வரிசையில் மேலே நிற்கக்கூடும். அவருக்குத் தேவை பட்டியலில் எப்படியாவது ஓர் இடம், முதல் இடம் அல்ல. போட்டி கடுமையான தொகுதியில் உண்மையான தலைவலி அந்தப் பதினைந்து பேருக்குள் நுழைவதுதான். உள்ளே நுழைந்துவிட்டால் வலுவான மாணவருக்கு இரண்டாவது வழி இருக்கிறது. போட்டி குறைந்த தொகுதியில் நிலைமை தலைகீழ்: பட்டியலில் நுழைவது சுலபம், அதை வெல்வதும் சுலபம், ஆனால் வெல்லாவிட்டால் தேசிய வரிசையில் வலுவானவர்களோடு மோத வேண்டும். அகாடமி சில சிறந்த மாணவர்களுக்கு முன்கூட்டியே நிபந்தனையுடன் உறுதிக் கடிதம் கொடுப்பதுண்டு. அவர்களுக்கும் ஏதாவது ஒரு பரிந்துரை வந்து சேர்ந்தாக வேண்டும்.

மூன்று அகாடமிகளுக்கும் விண்ணப்பிக்கும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில மாநிலங்களில் செனட்டர்களும் தொகுதி உறுப்பினர்களும் தங்களுக்குள் பேசி, ஒரே மாணவருக்கு இரண்டு பரிந்துரை போகாமல் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். வேறு மாநிலங்களில் ஒரே பிள்ளைக்கு மூன்று பேரும் பரிந்துரை தருவதுண்டு. ஒரே பரிந்துரைதான் வந்தது என்பதற்காக மனம் தளர வேண்டாம், அது உங்கள் மாநிலத்தின் வழக்கமாக இருக்கலாம்.

முகவரி பார்க்காத பரிந்துரைகள்

துணை அதிபருக்கும் ஒவ்வோர் அகாடமியிலும் ஒரே நேரத்தில் ஐந்து இடங்கள். நாட்டின் எந்த மூலையிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். நாடு முழுவதற்கும் ஐந்து என்பதால் நம்பிக்கை வைக்க முடியாது, ஆனாலும் விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். அதிபர் பெயரில் ஆண்டுக்கு 100 இடங்கள். அவை ராணுவத்தில் நீண்டகாலம் பணிபுரிந்த அல்லது ஓய்வுபெற்றவர்களின் பிள்ளைகளுக்கு. பணியில் உயிரிழந்தவர்களின், கடுமையாகக் காயமுற்றவர்களின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் பெற்றவரின் பிள்ளைக்கு எண்ணிக்கை வரம்பே இல்லை, தகுதி பெற்றால் போதும். பள்ளியில் ஜூனியர் ஆர்.ஓ.டி.சி. இருக்கும் மாணவர்களுக்கு அதன் வழியாகவும் ஒரு பரிந்துரைக்கு வாய்ப்புண்டு. ராணுவ ஊர்களில் தொகுதிப் போட்டி கடுமை என்றேனே, அங்குள்ள பிள்ளைகள் பலருக்கு இந்த அதிபர் வழியும் திறந்திருப்பது ஓரளவு அந்த நெருக்கடியைத் தணிக்கிறது.

கிங்ஸ் பாயின்ட் தனி ரகம். அங்கே இடங்கள் மாநிலங்களுக்கு அவற்றின் காங்கிரஸ் பலத்துக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டு, மாநிலத்துக்குள் போட்டி நடக்கிறது. பிரதிநிதிகள் சபை உறுப்பினர் தன் தொகுதியைத் தாண்டி மாநிலத்தில் எங்கிருப்பவரையும் பரிந்துரைக்கலாம். தொகுதி வாசல் நெருக்கமாக இருக்கும் மாணவருக்கு இது பயனுள்ள விதி.

எது உங்கள் முகவரி?

கேட்கச் சுலபமான கேள்வி, பதில் அவ்வளவு சுலபமல்ல. சட்டம் பார்ப்பது நிலையான குடியிருப்பை. படிப்புக்காகத் தங்கியிருக்கும் விடுதி அதுவாகாது. நியூஜெர்சியில் பெற்றோர் வசிக்க, பிள்ளை வேறு மாநில உறைவிடப் பள்ளியில் படித்தால், விண்ணப்பம் நியூஜெர்சித் தொகுதிக்குத்தான். ராணுவக் குடும்பங்களில் இது இன்னும் சிக்கல். அப்பா வர்ஜீனியாவில் பணியில் இருக்கலாம், வரி கட்டுவதும் வாக்களிப்பதும் டெக்ஸாஸ் முகவரியில் இருக்கலாம். அவர்களின் சட்டப்படியான வீடு டெக்ஸாஸ் என்றால் அந்த மாநிலத்தின் வழியே விண்ணப்பிக்கலாம். போட்டியைப் பொறுத்து இது பெரிய வித்தியாசம் செய்யும்.

முகவரிக்காகவே வீடு மாறியவர்கள் வரலாற்றில் உண்டு. டக்ளஸ் மக்ஆர்தர், பின்னாளில் பசிபிக் போரின் தளபதி, இளமையில் அதிபர் வழியில் இடம் கேட்டுக் கிடைக்காமல் போனவர். தாயோடு மில்வாக்கி நகருக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள தொகுதி உறுப்பினர் தியபால்ட் ஓட்ஜென் நடத்திய போட்டித் தேர்வை 1898இல் எழுதினார். அவர் பெற்றது 93.3. அடுத்த ஆண்டு வெஸ்ட் பாயின்டில் நுழைந்தார், 1903இல் வகுப்பின் முதல் மாணவராக வெளியே வந்தார்.

இன்னொரு பெயரும் இங்கே சொல்லப்பட வேண்டும். பெஞ்சமின் ஓ. டேவிஸ் ஜூனியர் கறுப்பின ராணுவ அதிகாரி ஒருவரின் மகன். அந்தக் காலத்தில் காங்கிரஸ் முழுவதிலும் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் சிகாகோவின் ஆஸ்கர் டி பிரீஸ்ட். டேவிஸ் சிகாகோவாசியாகி அவருடைய பரிந்துரையில் 1932இல் வெஸ்ட் பாயின்டுக்குப் போனார். சக மாணவர்கள் நான்கு ஆண்டும் அவரோடு பேசாமல் ஒதுக்கிவைத்தார்கள். 1936இல் பட்டம் பெற்றார், இரண்டாம் உலகப்போரில் டஸ்கீகீ விமானிகள் எனப்பட்ட கறுப்பின விமானிகளை வழிநடத்தினார். தேசம் முழுவதும் நூற்றுக்கணக்கான பரிந்துரையாளர்கள் இருந்தும், அவரைப் போன்ற ஒருவருக்கு நம்பிக்கையோடு போகக்கூடிய முகவரி ஏறக்குறைய ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வீடு இருக்கும் இடம் வாய்ப்பைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடக் கனமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்று அப்படிக் குடிபெயரலாமா? உண்மையாகவே வேலைக்காகக் குடும்பம் மாறினால் தடையில்லை. உறவினர் வீட்டு முகவரியைப் போட்டு விண்ணப்பிப்பது வேறு. அது பொய், நேர்மையை முதல் பாடமாகச் சொல்லும் நிறுவனத்தின் வாசலில் சொல்லும் பொய். மேலும், போன ஆண்டு போட்டி குறைவாக இருந்த தொகுதியில் இந்த ஆண்டு யார் விண்ணப்பிப்பார்கள் என்று எவருக்கும் தெரியாது. பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுதி எல்லைகளும் மாறும், சில மாநிலங்களில் இடையிலும் மாறுகின்றன. தெருவின் இந்தப் பக்கம் ஒரு தொகுதி, எதிர்ப்பக்கம் வேறு தொகுதி என்பது சாதாரணம். விண்ணப்பிக்கும் முன் வீட்டு முகவரிக்கு இப்போதைய தொகுதி எது என்று சரிபார்த்துவிடுங்கள்.

நம் குடும்பங்கள் கேட்கும் இன்னொரு கேள்வி குடியுரிமை. மாணவர் அகாடமியில் நுழையும் நாளில் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். பெற்றோரின் விசா நிலையோ பிறந்த நாடோ தடையல்ல. திருமணமாகாதவராக, பிள்ளைப் பொறுப்பு இல்லாதவராக, குறைந்தது 17 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை

பதினோராம் வகுப்பின் வசந்தத்திலேயே வேலை தொடங்க வேண்டும். பரிந்துரைக்கான விண்ணப்பம் அகாடமிக்கான விண்ணப்பத்திலிருந்து தனி. மூன்று வாசல் என்றால் மூன்று தனி விண்ணப்பம், மூன்று தனிக் கெடு. பெரும்பாலான கெடுக்கள் பன்னிரண்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்தில் வந்துவிடும். உறுப்பினர்கள் ஜனவரி 31க்குள் பட்டியலை அகாடமிக்கு அனுப்பிவிடுவார்கள்.

உறுப்பினரின் உள்ளூர் அலுவலகத்தில் அகாடமிப் பரிந்துரைகளைக் கவனிக்கவென்று ஓர் ஊழியர் இருப்பார். பெற்றோரைவிட மாணவரே அழைப்பது நல்லது, அந்த ஊழியரின் நினைவில் நிற்கும். இந்த ஆண்டு எந்த அகாடமியில் எத்தனை காலியிடம், பட்டியல் வரிசைப்படுத்தி அனுப்பப்படுகிறதா, சென்ற ஆண்டு ஏறக்குறைய எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், இந்த மாநிலத்தில் ஒருவருக்கு ஒரே பரிந்துரைதானா என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்காமல் போகலாம், கிடைப்பது போதும். சென்ற ஆண்டு எட்டுப் பேர்தான் விண்ணப்பித்தார்கள் என்று தெரிந்தால் முழு உழைப்பையும் மருத்துவப் பரிசோதனையிலும் உடற்தகுதியிலும் போடலாம், பட்டியலில் இடம் ஏறக்குறைய உறுதி. எண்பது பேர் என்றால் நேர்காணலுக்கும் கட்டுரைக்கும் கோடைவிடுமுறை முழுவதையும் ஒதுக்க வேண்டும், இரண்டு செனட்டர்களுக்கும் துணை அதிபருக்கும் தவறாமல் விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஆண்டு கிடைக்காதவர் ஓராண்டு கல்லூரியில் படித்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். அப்போது முகவரி அதுவாகவே இருக்கும். காலியிட எண்ணிக்கையும் வரிசையில் நிற்பவர்களும் வேறாக இருப்பார்கள்.